பொருக்கு இளகும் முன் திரும்புங்கள்: இளவேனில் தொடக்கத்தில் இருவராக ஒரு பனிமலை நடை

மார்ச் மாதக் காலை ஆறு மணிக்கு மலையடிவாரத்துப் பனியில் கால் வைத்தால் நறுக்கென்று ஒரு சத்தம் எழும். மேற்பரப்பு தரைபோல் தாங்கும். அதே இடத்தில் பிற்பகல் ஒரு மணிக்குக் கால் வைத்தால் சத்தமே இருக்காது. கால் முழங்கால்வரை உள்ளே இறங்கிவிடும். இடையே ஏழு மணி நேரம்தான் ஓடியிருக்கும். பாதையை விட்டு விலகி, ஸ்னோஷூ எனப்படும் பனி மிதியடி கட்டிக்கொண்டு மலையேற விரும்பும் புதியவர்கள் முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். என்ன வாங்குவது, எந்த மலைக்குப் போவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பல ஆண்டுகளாக ஒரே நண்பருடன் இளவேனில் தொடக்கத்தில் இப்படி ஏறிவருகிறேன். உச்சியைத் தொட்ட நாட்களும் உண்டு, தொடாமல் திரும்பிய நாட்களும் உண்டு. திரும்பிய நாட்களில்தான் அதிகம் கற்றுக்கொண்டோம். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

பனியின் ஒரு நாள்

நடுக் குளிர்காலத்துப் பனி உலர்ந்த தூள். இளவேனில் தொடக்கத்துப் பனி வேறு. பகல் வெயிலில் அதன் மேற்பரப்பு உருகுகிறது; நீர் பனித்துகள்களுக்கு இடையே இறங்குகிறது; இரவில் அது மீண்டும் உறைந்து துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. இப்படி உருகியும் உறைந்தும் பல நாட்கள் கழியும்போது மேலே கெட்டியான ஒரு பொருக்கு உருவாகிறது. காலையில் நம்மைத் தாங்குவது இந்தப் பொருக்குதான்.

பொருக்கு நன்றாகக் கட்டுமா என்பதைக் குளிரைவிட வானமே அதிகம் தீர்மானிக்கிறது. இரவு வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழந்துவிடும். காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் வெளியேறாது. முன்னறிவிப்பில் குறைந்தபட்ச வெப்பநிலை இரண்டு நாட்களுக்கும் ஒன்றாகவே இருந்தாலும், நட்சத்திரம் தெரிந்த இரவுக்கு மறுநாள் காலை கெட்டிப் பொருக்கும், மேகமூட்டமான இரவுக்கு மறுநாள் காலை கூழ்ப்பனியும் கிடைக்கலாம். ஆகவே முன்னறிவிப்பில் நான் முதலில் பார்ப்பது இரவின் மேக அளவைத்தான். மேகம் மூடும் என்று இருந்தால் பயணத்தை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்துவிடுவோம்.

அடுத்தது திசை. வட அரைக்கோளத்தில் கிழக்கு நோக்கிய சரிவுகள் முதலில் வெயில் வாங்கி இளகும். பிறகு தெற்கு, பிறகு மேற்கு. வடக்குச் சரிவுகள் நாள் முழுவதும் கெட்டியாகவே இருக்கலாம். அங்கே பழைய தூள்பனியும் மிஞ்சியிருக்கும். எந்தச் சரிவில் எத்தனை மணிக்கு இருக்கப் போகிறீர்கள் என்பதை இதை வைத்தே கணக்கிட வேண்டும். ஏறும்போது எளிதாக இருந்த தென்கிழக்குச் சரிவு வழியாகவே நண்பகலில் இறங்குவதாகத் திட்டமிட்டால், இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினமாகிவிடும்.

மலையை வரைபடத்தில் தேர்ந்தெடுங்கள்

முதல் பயணத்துக்குப் புகழ்பெற்ற சிகரம் வேண்டாம். கோடையில் நீங்கள் ஒருமுறையாவது ஏறிய மலையாக இருந்தால் மிக நல்லது. மரங்கள் அடர்ந்து, சரிவு மென்மையாக, வழிதவறினாலும் ஏதாவது ஒரு சாலையிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடும்படி அமைந்த மலையாக இருக்க வேண்டும்.

பாதை விலகி நடப்பதென்றால் சம உயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் மென்மை. இதைக் கண்மதிப்பில் விட்டுவிடாமல் அளந்து பாருங்கள். 1:25,000 அளவு வரைபடத்தில் கோடுகளுக்கிடையே 10 மீட்டர் உயர வித்தியாசம் என்றால், 30 பாகைச் சரிவில் அடுத்தடுத்த இரு கோடுகள் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கோடுகள் நெருங்கும் இடம் எதுவானாலும் அதைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது எங்கள் வழக்கம். மீதமுள்ள வெள்ளைப் பகுதிகளுக்குள் வழி கிடைத்தால் போவோம். கிடைக்காவிட்டால் அந்த மலை எங்களுக்கானது அல்ல.

ஏன் இந்தக் கண்டிப்பு? பனிச்சரிவுகளில், அதாவது மலைப்பனி மொத்தமாகப் பெயர்ந்து கீழே பாய்வதில், பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைவரையுள்ள மலைச்சரிவுகளில் புறப்படுகின்றன. அதைவிட மென்மையான சரிவில் பனி எளிதில் நகராது. மிகச் செங்குத்தான இடத்தில் அதிகம் சேராமல் அவ்வப்போதே உதிர்ந்துவிடும். புதியவர் 25 பாகைக்கு மேற்பட்ட திறந்த சரிவுகளை முற்றிலும் தவிர்த்துவிடலாம். அதோடு, தாம் நிற்கும் இடம் மட்டும் மென்மையாக இருந்தால் போதாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருந்தால், அங்கே புறப்படுவது கீழே வந்து சேரும். பள்ளமான ஓடைகள் நடக்க வசதியாகத் தெரியும். ஆனால் மேலிருந்து வரும் பனியெல்லாம் அங்கேதான் குவியும். நான் எப்போதும் மலைமுதுகையோ அடர்ந்த காட்டையோதான் தேர்ந்தெடுப்பேன்.

மலையில் நிற்கும்போது சரிவை அளக்க இரண்டு ஊன்றுகோல்கள் போதும். சம நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பனியில் நேராக நிறுத்தி, மற்றதன் நுனியை மேட்டுப்பக்கச் சரிவில் படவைத்துப் படுக்கை மட்டமாகப் பிடியுங்கள். அதன் மறுமுனை நிற்கும் கோலின் பாதி உயரத்தில் தொட்டால் அந்தச் சரிவு ஏறத்தாழ 27 பாகை. உச்சியைத் தொட்டால் 45 பாகை. பாதியை நெருங்கினாலே வேறு வழி தேடுங்கள்.

பனிமலைப் பகுதிகள் பலவற்றில் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை வெளியாகிறது. அதில் ஆபத்து ஐந்து நிலைகளாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. மூன்றாம் நிலை கணிசமான ஆபத்தைக் குறிக்கிறது. புதியவர்கள் ஒன்றாம் நிலை நாட்களில் தொடங்கட்டும். இரண்டாம் நிலையில் மிக மென்மையான சரிவுகளோடு நின்றுகொள்ளட்டும். இளவேனிலில் காலைக்கு ஒரு நிலை, பிற்பகலுக்கு அதைவிட உயர்ந்த நிலை என இரண்டும் தரப்படுவதுண்டு. இரண்டையும் படியுங்கள்.

துணைக்கு வருபவர்

இருவராகப் போவதில் ஓர் அழகு இருக்கிறது. பேச்சும் மௌனமும் சமமாக அமையும்; நடையின் வேகத்தைப் பேசாமலே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் தனியாள். அதை முன்வைத்தே எல்லாவற்றையும் தயார் செய்ய வேண்டும்.

புறப்படுவதற்கு முன்பே நாங்கள் இரண்டு விஷயங்களைப் பேசி முடித்துவிடுவோம். ஒருவர் வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் கேட்கக்கூடாது; திரும்ப வேண்டியதுதான். அதேபோல் திரும்பும் நேரம் மணிக்கணக்காக முடிவாகியிருக்க வேண்டும். உச்சி பத்து நிமிடத் தொலைவில் தெரிந்தாலும் அந்த மணி அடித்தால் திரும்பிவிட வேண்டும். கீழே மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு, மேலே மூச்சு வாங்கியபடி எடுக்கும் முடிவைவிடத் தெளிவானது. நண்பர்கள் இருவர் மட்டும் போகும்போது ஒருவரையொருவர் ஏமாற்றமடையச் செய்யக்கூடாது என்ற தயக்கத்தில் இருவருமே விருப்பமில்லாமல் மேலே போய்க்கொண்டிருப்பதுண்டு. அந்தத் தயக்கத்தை முன்கூட்டியே விலக்கி வைக்க இந்த உடன்பாடு உதவுகிறது.

பொருட்களைப் பங்கிட்டுக்கொள்ளும்போதும் கவனம் வேண்டும். கூடுதல் உணவையும் வெந்நீர்க் குடுவையையும் பங்கிடலாம். வரைபடம், திசைகாட்டி, தலைவிளக்கு, விசில், உலர்ந்த கையுறை, வெப்பம் காக்கும் மேலாடை ஆகியவை இருவரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும். பனிச்சரிவு வாய்ப்புள்ள இடத்தின் அருகில் போவதாக இருந்தால், பனியில் புதைந்தவரைக் கண்டறிய 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் தேடுகருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவுகோல், மடக்கு மண்வாரி மூன்றும் இருவரிடமும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும். புதைந்தவரைக் காப்பாற்ற முதல் பத்து, பதினைந்து நிமிடங்களே முக்கியமானவை. உதவிக்குழு அதற்குள் வந்துசேராது. உடன் இருப்பவர்தான் தோண்டியாக வேண்டும். பயிற்சி இல்லையென்றால் அப்படிப்பட்ட இடத்துக்கே போகாதீர்கள். மென்மையான சரிவுகளிலேயே பல ஆண்டுகள் மகிழ்ச்சியாக நடக்கலாம்.

காலில் கட்டுவது

ஸ்னோஷூ புதிய கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலியின் தெற்கு டிரோல் மலைப்பகுதியில், 3,000 மீட்டருக்கு மேலே பனியாற்று நிலத்தில், பிர்ச் மரத்தை வளைத்துச் செய்த ஒரு மிதியடி 2003-ஆம் ஆண்டு கிடைத்தது. அதன் காலம் கி.மு. 3800-க்கும் 3700-க்கும் இடைப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். அன்றும் இன்றும் தத்துவம் ஒன்றுதான்: உடல் எடையை அகலமான பரப்பில் பரப்பினால் பனி தாங்கும்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் எடையோடு முதுகுப்பையின் எடையையும் கூட்டுங்கள். பொதுவாக 22 அங்குல நீளம் சுமார் 80 கிலோவரையும், 25 அங்குலம் சுமார் 100 கிலோவரையும் தாங்கும். அதற்கு மேல் 30 அங்குலம். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும், அட்டையைப் படித்துக்கொள்ளுங்கள். இளவேனில் பொருக்கில் மிதப்பதைவிடப் பிடிப்புதான் முக்கியம். ஆகவே பெரிய மிதியடியை விட, அடியில் கூரிய உலோகப் பற்களும் இரு ஓரங்களிலும் ரம்பம் போன்ற விளிம்பும் உள்ள சிறிய மிதியடி மேல். வழுவழுப்பான குழாய்ச் சட்டம் கொண்ட வகை, சமதளப் பாதைக்குப் பொருத்தமானது. உறைந்த சரிவில் குறுக்கே நடக்கும்போது அது வழுக்கும். குதிகாலுக்குக் கீழே நிமிர்த்தும் கம்பி இருந்தால் நீண்ட ஏற்றத்தில் கெண்டைக்கால் தப்பிக்கும். வாடகைக்குக் கிடைத்தால் முதல் இரண்டு பயணங்களுக்கு வாடகையே போதும்.

வாங்கியதும் வீட்டிலேயே கையுறை போட்டுக்கொண்டு பட்டைகளைக் கட்டியும் அவிழ்த்தும் பழகுங்கள். உறைபனியில் வெறுங்கையோடு பட்டையோடு போராடும் ஐந்து நிமிடங்களில் விரல்கள் மரத்துவிடும்.

ஊன்றுகோலில் அகலமான பனி வட்டு இருக்க வேண்டும். நீர்புகாத, கணுக்கால் மூடும் பூட்ஸும், அதன்மேல் பனி உள்ளே நுழையாமல் தடுக்கும் கெய்ட்டரும் அவசியம். பருத்தி உடை எதுவும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் உலராது, உடலைக் குளிரவைத்துவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஓர் இடையாடை, அதன்மேல் காற்றும் நீரும் புகாத மேலாடை. புறப்படும்போது சற்றுக் குளிர்வதுபோல் இருந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். பத்து நிமிட ஏற்றத்தில் உடல் சூடாகிவிடும். வியர்த்த பிறகு கழற்றுவதை விட வியர்ப்பதற்கு முன் கழற்றுவது நல்லது.

வெயிலுக்குத் தயாராவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். புதிய பனி, தன்மேல் விழும் புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடுவரை திருப்பி அனுப்பும். ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர்களின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் சுடும் என்பதால் மூக்கின் அடிப்பகுதி, தாடையின் கீழ், காதின் பின்புறம் ஆகிய இடங்களிலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். பக்கவாட்டையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனிமேல் ஒரு மணி நேரம்கூட நடக்காதீர்கள். பனிக்குருடு உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியத் தொடங்கும்.

நேரக் கணக்கு

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய விதி வகுத்தார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இது கோடைப் பாதைக்கான கணக்கு. பாதையில்லாத பனியில் மிதியடியோடு நடக்க நான் இதை இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன். ஒரு பக்கத்துக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் விதிப்படி இரண்டு மணி நேரம். நமக்கு நான்கு மணி நேரம். விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் பத்து மணிக்கு உச்சி. பத்தரைக்குத் திரும்பினால் பன்னிரண்டரைக்குள், பொருக்கு முழுவதும் கூழாவதற்கு முன்பே, மரக்கூட்டத்துக்குள் இறங்கிவிடலாம். இதற்குமேல் நீளமான பயணம் புதியவர்களுக்கு வேண்டாம்.

முந்தைய நாள் மாலை, நம்பகமான ஒருவரிடம் எங்கே நிறுத்துகிறோம், எந்த வழியில் ஏறுகிறோம், எத்தனை மணிக்குள் தகவல் சொல்வோம், சொல்லாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கைபேசியில் அந்தப் பகுதி வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி பதிவிறக்கிக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். கைபேசியை உள்சட்டைப் பையில் உடலோடு ஒட்டி வையுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும், அப்போது மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். உறிஞ்சு குழாய் வைத்த நீர்ப்பையைத் தவிர்த்துவிடுங்கள். குழாய்தான் முதலில் அடைத்துக்கொள்ளும்.

ஏற்றம்

வண்டியை விட்டு இறங்கியதும் ஊன்றுகோலைத் திருப்பி, கைப்பிடிப் பக்கத்தால் பனியைக் குத்திப் பாருங்கள். கெட்டியான மேற்பரப்பு உங்கள் அழுத்தத்தைத் தாங்குகிறதா, இரண்டு விரல் கனத்தில் உடைந்து கீழே பொலபொலவென்று போகிறதா? நான் அரைமணிக்கு ஒருமுறை இதைச் செய்துகொண்டே இருப்பேன். மலை உங்களிடம் பேசுவது இந்தக் கோல் வழியாகத்தான். விடியும்போதே பொருக்கு உடைகிறதென்றால் அன்றைய நாள் அங்கேயே முடிந்தது.

மிதியடி கட்டினால் கால்களைச் சற்று அகட்டி நடக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றின்மேல் ஒன்று மிதித்து விழுவீர்கள். பின்னோக்கி நடக்காதீர்கள், பின்பக்க வால் பனியில் செருகிக்கொள்ளும். திரும்ப வேண்டுமானால் சிறு வட்டமாகச் சுற்றித் திரும்புங்கள். மென்மையான ஏற்றத்தில் முன்னங்காலை ஊன்றி, அடியிலுள்ள பற்கள் பதிந்த பிறகு எடையைப் போடுங்கள். ஏற்றம் கூடும்போது வளைந்து வளைந்து ஏறுங்கள். குறுக்கே நடக்கையில் மேட்டுப்பக்க விளிம்பைப் பனியில் உதைத்துச் சிறு படி உண்டாக்கி அதில் நில்லுங்கள். பற்கள் சறுக்கும் அளவுக்குப் பனி கண்ணாடியாக இறுகியிருந்தால், அது கிராம்பான் எனப்படும், பூட்ஸில் மாட்டும் கூர்முள் சட்டமும் பனிக்கோடரியும் கொண்டு ஏற வேண்டிய இடம். உங்கள் எல்லை அதுதான்.

முன்னால் நடப்பவர்தான் தடம் போடுகிறார். அவருக்குத்தான் உழைப்பு அதிகம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். முன்னவர் ஓரமாக ஒதுங்கி நிற்க, பின்னவர் கடந்து செல்ல வேண்டும். வேகத்தைக் குறைக்காமலே மாறிவிடலாம். மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை மற்றவர் பாருங்கள். ஒருமுறை மரக்கூட்டத்தைத் தாண்டித் திறந்த முகட்டில் ஏறியதும் காற்று அறைந்தது. என் நண்பர் சிரித்துப் பேசிக்கொண்டுதான் வந்தார். அவருடைய இடது கன்னத்தில் நாணயம் அளவுக்கு மெழுகு போன்ற ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தி, என் கையுறையைக் கழற்றி உள்ளங்கையால் அந்த இடத்தை மூடிப்பிடித்தேன். சில நிமிடங்களில் மீண்டும் சிவந்தது. அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது, பனியை அப்பக்கூடாது, கைச்சூடு போதும். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத இடத்தில் துணை என்பதற்கு இதுதான் அர்த்தம். அதேபோல் துணைவர் பேச்சில் குழறினாலோ, அடிக்கடி தடுக்கினாலோ, சட்டென்று எரிச்சல்பட்டாலோ உடல்வெப்பம் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நின்று, உலர்ந்த ஆடை மாற்றி, சூடாகக் குடிக்கக் கொடுத்து, இறங்கத் தொடங்குங்கள்.

மரத்தடியும் ஓடையும்

பாதை விலகி நடப்பதன் பெரிய மகிழ்ச்சி, யாருமே மிதிக்காத காட்டுக்குள் போவது. பெரிய தொல்லையும் அங்கேதான் இருக்கிறது. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே பனி விழாது. தண்டைச் சுற்றி ஒரு குழி இருக்கும், மேலே தெரியாது. இளவேனிலில் மரத்தண்டும் பாறையும் வெயிலில் சூடாகிச் சுற்றியுள்ள பனியை அடியிலிருந்து உருக்குவதால் அந்தக் குழி இன்னும் அகலமாகிறது. பனிக்கு மேலே கையளவு நீட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு மரமுனையை நம்பாதீர்கள். அதன் கீழே ஆள் உயர மரம் இருக்கிறது, கிளைகளுக்கிடையே வெற்றிடம்.

இதை நான் என் காலால் கற்றேன். பதினொன்றரை மணி, திட்டமிட்டதைவிட ஒரு மணி நேரம் தாமதம். அப்படிப்பட்ட ஒரு முனையை ஒட்டிக் கால் வைத்தேன். இடுப்புவரை உள்ளே போனேன். விழுந்ததில் அடியில்லை, ஆனால் மிதியடி கீழே ஒரு கிளைக்குள் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. ஈரப்பனி மேலே விழுந்து சிமெண்ட் போல் காலைச் சுற்றி அமர்ந்துகொண்டது. நண்பர் அருகே வராமல் சற்றுத் தள்ளிக் குப்புறப் படுத்து, மண்வாரியால் என் முட்டியிலிருந்து கீழ்நோக்கித் தோண்டினார். பட்டையை அவிழ்த்துக் காலை முதலில் எடுத்தோம். மிதியடியைப் பிறகு எடுத்தோம். இருபது நிமிடம் ஆனது. தனியாக வந்திருந்தால் எத்தனை நேரமாகியிருக்கும் என்று எண்ணிப்பார்க்கவே விரும்பவில்லை. அன்றிலிருந்து மரங்களிலிருந்து கிளை வீச்சுக்கு அப்பால்தான் நடக்கிறோம். மண்வாரியும் பையின் வெளிப்புறத்தில் இருக்கிறது.

விழுந்து எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதுகுப்பையைக் கழற்றுங்கள். பக்கவாட்டில் புரண்டு மிதியடிகளைச் சரிவின் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவாருங்கள். இரண்டு ஊன்றுகோல்களையும் பெருக்கல் குறிபோல் பனிமேல் படுக்கவைத்து, அவை கூடும் இடத்தில் கையூன்றி மண்டியிட்டு எழுங்கள். சமதளத்தில் நான்கு முறை பழகிக்கொண்டால் போதும்.

ஓடைகளை மூடியிருக்கும் பனிப்பாலத்தைக் காலையில் மட்டும் கடக்கலாம், அதுவும் கோலால் குத்திப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக. கீழே நீரோசை தெளிவாகக் கேட்டாலோ நடுவில் பனி தாழ்ந்து சாம்பல் நிறமாகத் தெரிந்தாலோ வேறு இடம் தேடுங்கள். திரும்பும்போது அந்தப் பாலம் இருக்காது என்று வைத்துக்கொண்டே வழியைத் திட்டமிடுங்கள்.

மேலே

முகட்டை அடைந்ததும் விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். காற்று அடித்துச் செல்லும் பனி, முகட்டின் மறுபக்கத்தில் கூரை இறவாரம் போல வெறும் காற்றின்மேல் நீண்டிருக்கும். நிற்பவருக்கு அது கெட்டித் தரையாகத் தெரியும். உடையும்போது விளிம்பில் மட்டும் உடையாது. நாம் எதிர்பார்ப்பதைவிட உள்ளே தள்ளி உடையும். பாறையோ புல்லோ வெளியே தெரியும் இடத்தில் நின்று பாருங்கள். அங்கிருந்து தெரியும் காட்சியே போதும்.

மேகம் இறங்கி வானமும் பனியும் ஒரே வெள்ளையானால் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பனி உருண்டையை முன்னால் வீசுங்கள்; அது விழுந்து நிற்கும் இடம்தான் தரை. உங்கள் ஏறுதடம் தெரிகிறவரை அதையே பிடித்து இறங்குங்கள். ஏறும்போதே திருப்பங்களில் கைபேசியில் குறியிட்டு வைத்திருந்தால் இங்கே கைகொடுக்கும்.

இறக்கம்

இவற்றில் எதைக் கண்டாலும் மணி பார்க்காமல் இறங்கத் தொடங்குங்கள்: கணுக்காலுக்கு மேல் ஈரப்பனியில் கால் புதைவது, மரங்களிலிருந்து பனிக்கட்டிகள் விழுவது, சரிவில் பனி தானாகச் சிறு சக்கரங்களாக உருண்டுவருவது, எங்காவது புதிய பனிச்சரிவின் தடம் தெரிவது. காலடியில் 'உம்ப்' என்று அமுங்கும் ஓசை கேட்டாலோ, மிதியடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, செங்குத்தான சரிவை விட்டு உடனே விலகுங்கள். அடியில் ஓர் அடுக்கு உடைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

இறங்கும்போது முட்டியைச் சற்று மடக்கி, எடையைப் பாதத்தின் நடுவில் வையுங்கள். பின்னால் சாய்ந்தால் பற்கள் பனியை விட்டு விலகி வழுக்கும். ஊன்றுகோலைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். ஈரப்பனி மிதியடிக்கு அடியில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு கனக்கும். சில அடிகளுக்கு ஒருமுறை கோலால் ஓரத்தைத் தட்டி உதிர்த்துவிடுங்கள். களைப்பு கூடும் நேரம் இது, பெரும்பாலும் பேச்சும் குறைந்திருக்கும். பின்னால் வருபவர் கண்பார்வைக்குள் இருக்கிறாரா என்று ஒவ்வொரு மரக்கூட்டத்துக்குப் பிறகும் திரும்பிப் பார்த்துவிட்டு நடங்கள்.

வழியில் மானோ வேறு விலங்கோ கண்டால் நின்றுவிடுங்கள். அது தானாக விலகும்வரை காத்திருங்கள். குளிர்காலத்தின் கடைசியில் அவற்றின் உடலில் கொழுப்பு தீர்ந்திருக்கும். ஆழப்பனியில் ஒருமுறை ஓடச் செய்தாலும் அவற்றுக்கு அது பெரும் இழப்பு.

உதவி தேவைப்பட்டால் ஆல்ப்ஸ் மலைகளில் வழங்கும் குறி இது: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசிலோ விளக்கோ, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு. பதிலாக நிமிடத்துக்கு மூன்று வரும். அடிபட்டவரைப் பனிமேல் நேராகக் கிடத்தாதீர்கள். முதுகுப்பையையும் மிதியடிகளையும் அடியில் பரப்பி அதன்மேல் படுக்கவைத்து, இருக்கும் ஆடைகளையெல்லாம் போர்த்துங்கள். கைபேசி அலை கிடைக்காமல் துணையை விட்டுப் போக நேர்ந்தால், இடத்தின் ஆயத்தொலைவை எழுதி இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு வந்ததும் முதல் வேலை, எழுத்தில் திட்டம் கொடுத்தவருக்குத் திரும்பிவிட்டோம் என்று சொல்வது. பிறகுதான் பூட்ஸைக் கழற்றுவது. வீட்டில் மிதியடிகளைத் துடைத்து, வெயில் படாத இடத்தில் தொங்கவிட்டு, பட்டைகளில் விரிசல் இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். எந்த மணிக்கு எந்தச் சரிவில் பனி எப்படி இருந்தது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். அடுத்த பயணத்துக்கு முந்தைய இரவு, முன்னறிவிப்போடு சேர்த்து நாங்கள் இருவரும் படிப்பது அந்த நான்கு வரிகளைத்தான்.